சாம்பிள் மட்டும் எடுத்தால் போதாது: புதிய உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு

புதிதாகச் சேர்ந்தவர்களோடு கடை ஆய்வுக்குப் போகும்போது, நாங்கள் சேர்ந்த புதிதில் செய்த அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். படிவத்தில் தேதி விடுபடுவது, சாட்சிக் கையெழுத்து வாங்க மறப்பது எல்லாம் பயிற்சியிலேயே திருத்திவிடுவார்கள். மற்றவை இங்கே.

பில்லை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விடுவது

இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. ஒரு சின்ன மளிகைக் கடை. அந்த அம்மா டின்னிலிருந்து நல்லெண்ணெய் அளந்து விற்றுவந்தார். லூஸில் விற்பதே தவறு. அது வேறு விஷயம். ஆய்வுக்குப் போன தம்பி சாம்பிளை நான்கு பாகமாகப் பிரித்து, சீல் வைத்து, குறையில்லாமல் செய்திருந்தார். யாரிடம் வாங்கியது என்று மட்டும் கேட்கவில்லை.

பாமாயில் கலப்பு என்று அறிக்கை வந்தது. பகுப்பாய்வாளருக்குச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள். அதற்குள் டின் கொண்டுவந்து போடுகிறவர் வருவதை நிறுத்திவிட்டார். கடைக்காரம்மா சொன்ன குடோனில் பூட்டுத்தான் தொங்கியது. அபராதம் கட்டியது அவர். கலந்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

கலப்படம் நடக்கும் இடம் கடை அல்ல, அதற்கு இரண்டு கை முன்னால். அங்கே போக நமக்கு இருக்கும் ஒரே வழி பில். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, சரக்கு போடுகிறவர் கடைக்காரருக்கு எழுத்துமூலம் உத்தரவாதம் தரவேண்டும். பில்லே அந்த உத்தரவாதமாகும். அதனால் பாட்டிலைத் திறக்கும் முன்பே பில்லைக் கேளுங்கள். இல்லை என்றால் சரக்கு போட்டவரின் பெயர், போன் நம்பர், வண்டி நம்பரை வாக்குமூலமாக எழுதி வாங்குங்கள். 47-ஆம் பிரிவுப்படி அவருக்கும் நோட்டீஸ் போகவேண்டும். கணக்குப் புத்தகத்தைக் கைப்பற்ற மேலதிகாரியின் முன் அனுமதி தேவை. கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அறிக்கைக்குக் காத்திராமல் அன்று மாலையே மண்டிக்குப் போங்கள்.

டின்னைக் கலக்காமல் மேலாக மொள்வது

நான்கு பாகமும் ஒன்றுபோல் இல்லாவிட்டால், மேல்முறையீட்டில் இரண்டாவது ஆய்வகம் வேறு முடிவு சொல்லும். வழக்கு அங்கேயே முடிந்தது.

பால் சாம்பிளில் ஃபார்மலின் விட மறப்பது

ஆய்வகம் போய்ச் சேரும்வரை சாம்பிள் கெடாமல் இருக்க, 25 மில்லிக்கு இரண்டு சொட்டு.

ஆய்வக முடிவுக்கு முன்பே கேமரா முன் பேசுவது

2025 கோடையில் தர்பூசணியில் சாயம் என்று பரவிய பேச்சில் விலை சரிந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். பஞ்சில் ஒட்டும் சிவப்பைக் காட்டுவது சாட்சியம் ஆகாது.

காலக்கெடுவை மறப்பது

77-ஆம் பிரிவு: வழக்குத் தொடர, குற்றம் நடந்த நாளிலிருந்து ஓராண்டு. ஆணையர் காரணம் எழுதி மூன்றாண்டு வரை நீட்டிக்கலாம். அதை நம்பிக் கோப்பை மேசையில் வைத்திருக்காதீர்கள்.