பாலை மணலை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது எப்படி?

தார் பாலைவன மணல் ஒரு சிட்டிகை போதும். ஜெய்சால்மர் அருகே சாம் மணல்மேடுகளுக்குச் சுற்றுலா போகிறவர்களிடம் சொல்லிவையுங்கள். ஒப்பிட, வீடு கட்டும் இடத்திலிருந்து கொஞ்சம் எம்-சாண்ட்.

1. இரண்டையும் தனித்தனி டம்ளரில் கழுவுங்கள். கலங்கல் நீரை இறுத்துவிட்டு, தாளில் பரப்பிக் காயவையுங்கள். தூசி போகாவிட்டால் மணியின் மேற்பரப்பு தெரியாது.

2. கறுப்பு அட்டைத் துண்டில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி மெல்லத் தூவுங்கள்.

3. வெளிச்சம்தான் முக்கியம். பள்ளி மைக்ரோஸ்கோப்பில் விளக்கு கீழே இருக்கும். அதில் மணிகள் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அதை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். 4 மடங்கு லென்ஸே போதும். 40 மடங்கு லென்ஸ் மணலில் இடித்துக் கீறல் விழும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

4. இப்போது பாருங்கள். எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்தது, அதனால் முனைகள் கூர்மையாக இருக்கும். பாலை மணலின் பெரிய மணிகளோ முனை மழுங்கி, மங்கலாக, பனி படர்ந்த கண்ணாடி போலிருக்கும். காற்று மணிகளைத் தூக்கித் தூக்கிப் போட, ஒன்றோடொன்று மோதித் தேய்ந்த தழும்பு அது. தண்ணீருக்குள் மோதினால் நீரே அடியைத் தாங்கிக்கொள்ளும். காற்றில் அப்படி இல்லை. ரொம்பச் சின்ன மணிகள் எடை குறைவு, மோதலின் வேகமும் குறைவு. அவை இன்னும் கூர்மையாகவே இருப்பதையும் தேடிப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

5. அப்புறம் கண்ணாடித் தகட்டில் சில மணிகளை வைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். மங்கல் குறைந்து குவார்ட்ஸ் (மணலில் அதிகம் காணப்படும் கனிமம்) மணிகளின் உள்ளே தெளிவாகத் தெரியும். ஒளியை வளைப்பதில் காற்றைவிட எண்ணெய் குவார்ட்ஸுக்கு மிக நெருக்கம் என்பதால் மேற்பரப்பின் சொரசொரப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. செம்பழுப்புப் பூச்சு தெரிந்தால் அது இரும்பு ஆக்சைடு.

6. அளக்க, மணலுக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுள்ள பிளாஸ்டிக் ஸ்கேல் வையுங்கள். 1 மி.மீ. நீளத்தில் 5 மணிகள் அடங்கினால் ஒவ்வொன்றும் சுமார் 0.2 மி.மீ.

கடைசியாக, காகிதம் சுற்றிய காந்தத்தைக் காய்ந்த மணலில் நகர்த்துங்கள். ஒட்டும் கறுப்பு மணிகளில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருக்கலாம். அவற்றைத் தனி அட்டையில் தட்டி, மணல் எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதிவையுங்கள்.