டெக்சஸில் மான் வேட்டைக்கு அழைப்பு வந்தால்: ஃபீடர் வேட்டையைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியவை

டெக்சஸுக்குக் குடிவந்த முதல் ஆண்டிலேயே, உடன் வேலை செய்பவர் எவரேனும் "நவம்பரில் எங்கள் லீஸுக்கு வாருங்கள், மான் வேட்டைக்குப் போகலாம்" என்று உங்களை அழைக்கக்கூடும். லீஸ் என்பது வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்த தனியார் நிலம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த அழைப்பே திகைப்பாக இருக்கும். அங்கே யாரும் மானைத் தேடி அலையாமல், மக்காச்சோளம் தூவும் ஃபீடருக்கு எதிரே பரணில் காத்திருப்பதைப் பார்க்கும்போது திகைப்பு இன்னும் கூடும். இது முறையா, இதனால் பயன் உண்டா என்ற இரு கேள்விகளையும் புறப்படும் முன்பே யோசித்துவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் சட்டம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. ஆகவே லைசென்ஸ் கையில் இல்லாமல் நண்பரின் துப்பாக்கியை வாங்கிப் பார்ப்பதைக் கூடத் தவிர்த்துவிடுங்கள். ஐயம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். வேலியிலோ மரத்திலோ ஊதா நிறப் பட்டை தீட்டியிருந்தால், அது பிறர் நுழையக் கூடாத நிலம்.

டெக்சஸில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிலம் தனியாருடையது. அங்கே நில உரிமையாளரின் இசைவுடன் சோளம் தூவி வெள்ளைவால் மானை வேட்டையாடுவது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அதே சோளத்தைத் தூவிப் புறாவையோ வாத்தையோ சுட்டால் கூட்டாட்சிச் சட்டம் பாயும்.

நான் முதன்முதலில் பரணில் உட்கார்ந்தது லானோ பகுதியில். முக்காலியின் மேல் ஒரு பீப்பாய், அதன் அடியில் பேட்டரியில் ஓடும் சிறு சுழல்தட்டு, அதற்கொரு கடிகாரம். ஃபீடர் என்பது அவ்வளவுதான். விடிந்து சற்று நேரத்தில் அது உறுமிச் சில நொடிகள் சுழல, சோளமணிகள் முக்காலியின் தகரக் கால்களில் பட்டுத் தெறித்தன. முதலில் செந்நிறக் கார்டினல் குருவிகள் வந்தன. பின்பு குட்டிகளோடு பெண் மான்கள் மூன்று. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் பங்காளியான மெஸ்கீட் புதருக்குள், காற்று தன் முகத்துக்கு வரும் பக்கமாகப் பார்த்து நின்ற ஆண் மான், வெட்டவெளிக்கு வரவே இல்லை. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போனது.

ஃபீடர் வைத்தால் வேட்டை எளிது என்ற எண்ணம் அன்றே எனக்குப் போய்விட்டது. ஓக் மரங்கள் நன்றாகக் காய்த்த ஆண்டில் மான்கள் சோளத்தை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. ஒரே இடத்தில் அடிக்கடி வெடிச்சத்தம் கேட்டால், வயது முதிர்ந்த ஆண் மான்கள் இரவில் மட்டுமே வந்து தின்னக் கற்றுக்கொள்கின்றன. மிச்சத்தைக் காட்டுப்பன்றிகளும் ரக்கூன்களும் முடித்துவிடுகின்றன. தென் கரோலினா மாநிலத்தில் இரை தூவ அனுமதி இருந்த பகுதியையும் இல்லாத பகுதியையும் ஒப்பிட்டபோது, இரை தூவாத பகுதியில்தான் குறைந்த உழைப்பில் கூடுதல் மான்கள் கிடைத்தன. இணைசேரும் பருவத்தில் மட்டும் நிலைமை மாறும். பெண் மான் சோளத்துக்கு வரும், ஆண் மான் அதன் பின்னால் வரும்.

அறம் பற்றிய வாதத்தில் இரு தரப்பும் கேட்கத்தக்கவை. தப்பிக்க உரிய வாய்ப்பு விலங்குக்கு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வேட்டைக்காரர்களின் பழைய கொள்கை. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் அதை இன்றும் வலியுறுத்துகிறது. பசியைத் தூண்டிலாக்குவது அந்த வாய்ப்பைக் குறைக்கிறது என்பவர்களின் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், நூறு கஜத்துக்குள் பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் மானின் முன்காலுக்குப் பின்னால் குறிவைத்து ஒரே தோட்டாவில் வீழ்த்த முடிவதும், குட்டியுள்ள தாயை அடையாளம் கண்டு விட்டுவிட முடிவதும் ஃபீடர் முன்னால்தான் எளிதாகின்றன. காயத்தோடு ஓடி, புதருக்குள் இரவெல்லாம் துடித்துச் சாகும் மானைவிடப் பெரிய பாவம் வேட்டையில் இல்லை என்று நான் நம்புகிறேன். அதனால் புதிதாகச் சுடக் கற்பவர் ஃபீடர் முன் உட்காருவதை நான் குறை சொல்லமாட்டேன்.

நோய் புகுந்துவிட்ட இடத்தில் மட்டும் என் கருத்து வேறு. மானின் மூளையை அரித்து உடலை உருக்கிக் கொல்லும் பிரியான் நோய் (உருக்குலைந்த புரதத்தால் வரும் நோய்) ஒன்று உண்டு, சி.டபிள்யூ.டி. (Chronic Wasting Disease) என்பது அதன் பெயர்; டெக்சஸில் அது 2012-இல் ஹூவேகோ மலைப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டது. எச்சிலாலும் சிறுநீராலும் பரவும்; மண்ணில் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும்; மருந்து கிடையாது. பத்து மான்கள் ஒரே இடத்தில் வாய்வைக்கும்படி சோளம் கொட்டுவது அந்த நோய்க்கு நாமே வழிசெய்து கொடுப்பதாகும். இல்லினாய் மாநிலம் 2002-லும், மிச்சிகன் தன் கீழ்த் தீபகற்பத்தில் 2019-லும் தடை விதித்தது இதனால்தான். உங்களை அழைப்பவரிடம், அவருடைய கவுண்டியில் (மாவட்டத்தில்) இந்த நோய் கண்டறியப்பட்டுள்ளதா என்று தயங்காமல் கேளுங்கள். ஆம் என்றால், ஃபீடர் இல்லாத பரணில் உட்கார விரும்புவதாகச் சொல்லுங்கள்.

இந்நோய் மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை; எனினும் நோயுற்ற மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவுறுத்துகிறது. எனவே உங்கள் பங்கு இறைச்சி எந்த மானுடையது என்று பொட்டலத்தின் மேல் எழுதி உறைபெட்டியில் தனியே வையுங்கள். அந்த மானுக்கு இந்நோய் இருந்ததா என்ற பரிசோதனையின் முடிவு வரும்வரை சமைக்காதீர்கள்.