வியாழக்கிழமை ராத்திரி, பர்ஸ் காலி: ஒரே குக்கர்ல நாலு பேருக்கு அரிசிம்பருப்பு சாதம்

திருப்பூர்க்காரங்களுக்கு இத வெளக்கவே வேண்டாம். இங்க பனியன் கம்பெனில சனிக்கிழமைக்கு சனிக்கிழமை தான் சம்பளம், ஞாயித்துக்கெழமை கறி எடுப்போம், திங்கள் செவ்வாய் கொழம்பு பொரியல்னு நல்லா ஓடும், புதன்கிழமை முட்டைக்கு வந்து நிக்கும், வியாழக்கிழமை பிரிட்ஜத் தொறந்தா ஒரு தேங்கா மூடியும் வாடுன கருவேப்பிலையும் தான் இருக்கும். அதோட எங்க ஊட்டுக்காரம்மாவுக்கு அன்னைக்கு ஓவர்டைம் வேற, வர்றப்போ மணி ஒம்பதாயிரும், அதுனால வியாழக்கிழமை ராத்திரி சோறு என் பொறுப்பு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் எனக்கு சுடுதண்ணி வைக்கத் தான் தெரியும். இன்னைக்கு நான் சொல்லித் தர்றது அப்படி ஒண்ணும் தெரியாத ஆளுங்களுக்கு.

அரிசிம்பருப்பு சாதம்னா கொங்குப் பக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கறது தான், வெளியூர்க்காரங்க மட்டும் "ஓ, சாம்பார் சாதமா?"ம்பாங்க. இல்லைங்க. இதுல புளி கிடையாது, சாம்பார் பொடி கிடையாது. அரிசி, பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, அவ்ளோ தான் இதோட உசுரு, மத்ததெல்லாம் இருந்தா போடலாம் இல்லாட்டி விட்டுரலாம். எங்க அமத்தா (அம்மாவோட அம்மா) இத வெறகடுப்புல மண்சட்டில வைக்கும், நம்மளுக்கு அதெல்லாம் முடியாது, குக்கர் தான்.

மொதல்ல அளவு

நான் சொல்ற டம்ளர் 200 மில்லி எவர்சில்வர் டம்ளர். உங்க வீட்டு டம்ளர் பெருசோ சின்னதோ பரவால்ல, எல்லாத்தையும் அதே டம்ளர்லயே அளந்துக்கோங்க, கணக்கு தப்பாது. பெரியவங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர்னா அரிசி 2 டம்ளர், துவரம் பருப்பு அரை டம்ளர். அதுக்கு ஒரு 20 சின்ன வெங்காயம், பூண்டு பத்துப் பல்லு, தக்காளி 2, வரமிளகா 4, தேங்கா கால் மூடி துருவுனது, கருவேப்பிலை ரெண்டு கொத்து, சீரகம் ஒன்றரை ஸ்பூன், மிளகு முக்கால் ஸ்பூன், கடுகு, மஞ்சத்தூள், உப்பு. எண்ணெய் ரெண்டு பெரிய ஸ்பூன், கடலெண்ணெய்னா நல்லா இருக்கும், தேங்கா எண்ணெய்னா எங்க பொள்ளாச்சிச் சொந்தக்காரங்க சந்தோசப்படுவாங்க, ரேஷன் பாமாயில் தான் இருக்குதுன்னா அதுலயும் செய்யலாம், ஒண்ணும் ஆகாது.

இதுல சிக்கனம் பண்ணக் கூடாத ஒரே சாமான் சின்ன வெங்காயம். வெல ஏறுற சீசன்ல பெரிய வெங்காயம் போட்டுப் பாத்தேன், ஒரு மாதிரி இனிச்சுக்கிட்டு ஹோட்டல் கிச்சடி மாதிரி இருந்துச்சு. அளவு பத்தாக் கொறைச்சாலும் சரி, சின்ன வெங்காயமே போடுங்க.

ரேஷன் அரிசில பண்ணலாமா?

தாராளமாப் பண்ணலாம். எங்க வீட்டுல பாதி வாரம் அது தான். தமிழ்நாட்டுல 2011 ஜூன்ல இருந்து ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது, துவரம் பருப்பு கிலோ 30 ரூவா, பாமாயில் லிட்டர் 25 ரூவா. வாங்காம விடறவங்க நெறய பேருக்கு இருக்கற பிரச்சன அந்த வாசம் தான். அதுக்கு வழி இருக்கு: ஒரு தட்டுல கொட்டி கல்லு, கருப்பரிசி பொறுக்கிட்டு, நாலஞ்சு தண்ணி நல்லாத் தேச்சுக் கழுவுங்க, மூணாவது தண்ணி மட்டும் வெதுவெதுப்பா ஒரு சிட்டிகை உப்புப் போட்டது. அப்புறம் அரை மணி நேரம் ஊறணும். அந்த ஊறுன தண்ணியையும் கீழ ஊத்திருங்க. மொளகும் சீரகமும் பூண்டும் போய்ச் சேந்தப்பறம் எது கடையரிசி எது ரேஷனரிசின்னு எங்க பசங்களுக்கே தெரியாது.

கழுவும்போது சில அரிசி மட்டும் வேற கலர்ல, வழவழன்னு இருக்குதுன்னு சொல்லி பிளாஸ்டிக் அரிசின்னு வாட்ஸப்புல பீதியக் கெளப்பி விடறாங்க. அது செறிவூட்டப்பட்ட அரிசிங்க. அரிசி மாவோட இரும்புச்சத்து, போலிக் ஆசிட், வைட்டமின் பி12 சேத்து அரிசி மாதிரியே செஞ்சு நூறு பங்கு சாதா அரிசிக்கு ஒரு பங்குன்னு கலந்திருப்பாங்க. எங்க அம்மா இன்னும் அத ஒக்காந்து பொறுக்கிட்டுத் தான் இருக்குது. பொறுக்காதீங்க, சாதா கடையரிசில அது இருக்காது.

ஊறுற நேரத்துல செய்ற வேலை

அரிசி ஒரு போசில (பாத்திரத்துல), பருப்பு ஒரு கிண்ணத்துல தனித்தனியா ஊற வைங்க. பருப்பு ஊறலைன்னா அரிசி கொழஞ்சப்பறமும் அது மட்டும் வெறைச்சுக்கிட்டு நிக்கும், தக்காளிப் புளிப்பு வேற சேருதில்ல, அதுல இன்னும் மெதுவாத் தான் வேகும். இன்னொன்னு தண்ணி. போர்த்தண்ணி, உப்புத்தண்ணில பருப்பு சீக்கிரம் வேகாது, அதுல இருக்கற சுண்ணாம்புச்சத்து அப்படி. சிறுவாணித் தண்ணி வர்ற கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இந்தக் கவலை இல்ல, குடுத்து வச்சவங்க. நாம வேக வைக்கறதுக்கு நல்ல தண்ணி எடுத்துக்கணும், கழுவறதுக்கு உப்புத்தண்ணி போதும்.

இந்த அரை மணி நேரத்துல வெங்காயம் உரிச்சிரலாம். பத்து நிமிசம் தண்ணில போட்டு வச்சு உரிச்சாத் தோல் தானா வந்துரும், கண்ணும் எரியாது, பெரியவன உக்கார வச்சா அவனே உரிச்சுக் குடுத்துருவான் (பாதி வெங்காயம் தரைல கெடக்கும், அது வேற விசயம்). பெருசா இருக்கறத ரெண்டா வெட்டிக்கோங்க, பொடிப்பொடியா நறுக்க வேண்டாம், சாப்பிடறப்ப வாய்ல தட்டுப்படணும். சீரகம், மிளகு, பூண்டு மூணையும் சின்ன உரல்ல போட்டு ஒண்ணும் பாதியுமா நசுக்கி வைங்க. உரல் இல்லாட்டி மிக்சில ஒரே ஒரு சுத்து. மையா அரைச்சிட்டா அது வேற சாதம் ஆயிரும்.

இப்ப அடுப்பு

குக்கர் 5 லிட்டராவது இருக்கணும். இத ஏன் இவ்ளோ கண்டிப்பாச் சொல்றேன்னா, மொத தடவ நான் 3 லிட்டர் குக்கர்ல இதே அளவப் போட்டு விட்டுட்டு டிவி பாத்துட்டு இருந்தேன், விசில் வழியா மஞ்சத்தண்ணி பீச்சி செவுரு, அடுப்பு, காலண்டரு எல்லாம் அபிசேகம், அந்தக் கறை இன்னும் இருக்குது. அரிசியும் பருப்பும் நொரை கட்டற ஐட்டம், அதுனால குக்கர்ல பாதிக்கு மேல ரொப்பவே கூடாது. மூடறதுக்கு முன்னாடி வெயிட் போடற ஓட்டைல பருப்புத் தோலு கிலு அடைச்சிருக்கான்னு வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துருங்க.

குக்கர் காஞ்சதும் எண்ணெய ஊத்தி கடுகு போடுங்க. கடுகு படபடன்னு வெடிச்சு முடியற வரைக்கும் பொறுமையா இருக்கணும், புதுசாச் சமைக்கறவங்க எல்லாரும் இங்க அவசரப்படறாங்க. அடுத்து வரமிளகாயக் கிள்ளிப் போட்டு கருவேப்பிலை, வெங்காயம். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி ஓரம் லேசா செவக்கற வரைக்கும் வதக்குங்க, ஒரு அஞ்சு நிமிசம் ஆகும். இப்ப நசுக்குன பூண்டு மிளகு சீரகத்தப் போட்டு அடுப்பக் கொறைச்சிருங்க, சீரகம் கருகினா கசக்கும். வாசம் தெருவுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுல எட்டிப் பாத்தாங்கன்னா சரியா வந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்கப்பறம் தக்காளி, மஞ்சத்தூள் கால் ஸ்பூன். காரம் பத்தாதுங்கறவங்க மிளகாத்தூள் அரை ஸ்பூன் போட்டுக்கலாம், எங்க வீட்டுல சின்னது யூகேஜி, அதுனால நான் போடறதில்ல. தக்காளி கொழஞ்சு எண்ணெய் ஓரத்துல தெரியணும்.

தேங்காத் துருவலையும் தண்ணி வடிச்ச பருப்பையும் போட்டு ரெண்டு பெரட்டு பெரட்டிட்டு தண்ணிய ஊத்துங்க. இது தான் முக்கியமான எடம். பொன்னி புழுங்கலரிசின்னா 7 டம்ளர், பச்சரிசின்னா ஆறரை போதும், ரேஷன் புழுங்கலரிசின்னா ஏழரை. ஒரே மூட்டைல இருந்து எடுக்கற அரிசி கூட பழசாக ஆகக் கூடுதலாத் தண்ணி குடிக்கும், அதுனால மொத தடவ செஞ்சு பாத்துட்டு எவ்ளோ ஊத்துனீங்கன்னு அரிசி டப்பா மேலயே பேனால எழுதி வச்சிருங்க, நான் அப்படித் தான் வச்சிருக்கேன். உப்பு ரெண்டு டீஸ்பூன்ல ஆரம்பிச்சு தண்ணிய நக்கிப் பாருங்க, லேசாக் கரிக்கணும், இப்பச் சரியா இருந்துச்சுன்னா வெந்தப்பறம் சப்புன்னு இருக்கும்.

தண்ணி கொதிச்சதும் அரிசிய வடிச்சுப் போட்டு, அடில ஒட்டிருக்கறத கரண்டில நல்லாச் சொரண்டி விட்டு (இத விட்டீங்கன்னா கருகின வாசம் சாதம் பூரா ஏறிரும்), மூடி போட்டு மீடியம் தீயில 3 விசில், ரேஷன் அரிசின்னா 4. அப்புறம் சிம்ல அஞ்சு நிமிசம் வச்சு அணைச்சிருங்க. பசில அழுதாலும் பரவால்லன்னு பிரஷர் தானா எறங்கற வரைக்கும் விடுங்க. கரண்டிய வச்சு வெயிட்டத் தூக்கி விடறது, குழாய்க்கு அடில குக்கரக் காட்டறது எல்லாம் வேண்டாம், சாதம் உள்ளாற வேகறதே அந்த பத்து நிமிசத்துல தான்.

தொறந்து பாத்தா

மேல தண்ணி மாதிரி நின்னாப் பயப்படாதீங்க, கெளறி விட்டு அஞ்சு நிமிசம் ஆறுனா கெட்டியாயிரும். அப்பவும் தண்ணியா இருந்தா மூடாம ரெண்டு மூணு நிமிசம் கெளறிட்டே கொதிக்க விடுங்க. ரொம்பக் கெட்டியாக் கல்லு மாதிரி வந்துருச்சுன்னா சுடுதண்ணி ஊத்திக் கெளறணும், பச்சத்தண்ணி ஊத்துனா சாதம் தனியா தண்ணி தனியா நிக்கும். பருப்பு வேகலைன்னா மட்டும் அரை டம்ளர் சுடுதண்ணி விட்டு இன்னொரு விசில்.

வட்டல்ல (தட்டுல) போட்டு சூடா இருக்கறப்பவே நெய் ஒரு ஸ்பூன். நெய் இல்லாட்டி பச்சத் தேங்கா எண்ணெய் விட்டுப் பாருங்க, நம்பி விடுங்க. தொட்டுக்க எங்க வீட்டுல சுட்ட அப்பளமும் கட்டித் தயிரும், பசங்களுக்கு ஆளுக்கொரு அவிச்ச முட்டை, அத குக்கர் வேகற நேரத்துல பக்கத்து அடுப்புலயே வச்சிரலாம்.

செலவு கேப்பீங்க. எங்க ஏரியா மளிகைக்கடை வெலைக்கு அரிசி 20, பருப்பு 15, வெங்காயம் 9, தக்காளி 6, தேங்கா 8, எண்ணெய் 6, மத்த சாமான் ஒரு 5, ஆக 70 ரூவாக்குள்ள. ரேஷன் அரிசியும் பருப்பும்னா 40க்குள்ள முடிஞ்சிரும். அப்பளம், தயிர், முட்டை தனி. நாலு பேருக்குப் பரோட்டா பார்சல் வாங்கப் போனாத் தெரியும் கத.

மாத்தி மாத்திச் செய்றதுக்கு வழி நெறய இருக்கு. முருங்கைக்கீரை கெடச்சா உருவி ரெண்டு கைப்பிடி, மார்கழி தையில பச்ச மொச்சை, அவரக்கா. துவரம் பருப்பு தீந்துருச்சுன்னா மொத நாள் ராத்திரியே ஊற வச்ச தட்டப்பயிறு போடலாம், மைசூர் பருப்பும் சரி, அது சீக்கிரம் வெந்துரும். பாசிப்பருப்பு மட்டும் போட்டுட்டு என்கிட்ட வந்து கேக்காதீங்க, அது பொங்கல்.

மிச்சமானா பழைய சோறுக்கு மாதிரி தண்ணி ஊத்தி வெளிய வச்சிராதீங்க, பருப்பும் தேங்காவும் இருக்கறதுனால காலைல ஊசிப் போயிருக்கும். ஆறுனதும் டப்பால போட்டு பிரிட்ஜுல வைங்க. வெள்ளிக்கெழம காலைல நான் அதுல ரெண்டு கைப்பிடி அரிசிமாவு, ஒரு பெரிய வெங்காயம் பொடியா நறுக்கிப் போட்டுப் பெசஞ்சு, தோசைக்கல்லுல சின்னச் சின்னதாத் தட்டி ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு சுட்டு எடுத்துருவேன், கல்லு நல்லாக் காஞ்சிருக்கணும் இல்லாட்டி ஒட்டிரும். பெரியவன் டிபன் பாக்ஸுக்கு அதத் தான் கேக்கறான், அதுனால இப்பெல்லாம் வியாழக்கிழமை அரை டம்ளர் அரிசி சேத்தே போட வேண்டியதா இருக்குது, அதுக்கேத்த மாதிரி தண்ணியும் ஒன்றரை டம்ளர் கூட.