சொட்டுநீர் சீராகப் பாய்கிறதா? சோதனையையே கெடுக்கும் தவறுகள்

மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் நின்று பார்த்தால் செடிக்குத் தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பர் எல்லாம் நன்றாகச் சொட்டுவது போலத்தான் தெரியும். மணிக்கு 4 லிட்டர் விட வேண்டியது இரண்டரை லிட்டர் விட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே அளக்கத்தான் வேண்டும். ஆனால் அளக்கிறவர்களும் எந்த டிரிப்பரை அளப்பது என்பதிலேயே தவறிவிடுகிறார்கள்.

வால்வுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டிய நாலைந்தை அளந்துவிட்டு வீடு திரும்புவதுதான் முதல் தவறு. அழுத்தம் நன்றாக இருப்பதே அங்கேதான். வால்விலிருந்து வரிசைகளுக்குத் தண்ணீரைப் பிரித்துவிடும் குழாயான சப்-மெயினில் முதல் வரிசை, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கில் ஒன்று, கடைசி வரிசை என நான்கு லேட்டரல்களை (டிரிப்பர் பொருத்திய வரிசைக் குழாய்களை) எடுங்கள். ஒவ்வொன்றிலும் அதே கணக்கில் நான்கு இடங்கள். மொத்தம் 16. எடுத்த இடத்தில் எந்த டிரிப்பர் வருகிறதோ அதைத்தான் அளக்க வேண்டும். அது அடைத்திருக்கிறதென்று அடுத்ததற்குத் தாவுவதும், ஒரு தட்டு தட்டிச் சரிசெய்த பிறகு அளப்பதும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. சோதனைக்கு முதல்நாள் ஃபில்டரைக் கழுவி, குழாய் முனைகளைத் திறந்து விடுவதும் அப்படித்தான். வழக்கமாக எந்த நிலையில் ஓடுகிறதோ அந்த நிலையிலேயே அளக்க வேண்டும். வழக்கமாக இரண்டு வால்வுகளைச் சேர்த்துத் திறப்பவர் சோதனையன்றும் இரண்டையும் திறக்க வேண்டும்.

குழாய் நிறைந்து அழுத்தம் நிலைக்கும் முன்பே பாத்திரத்தை வைத்துவிடாதீர்கள். சரியாக 3 நிமிடம் பிடித்தால் மில்லிலிட்டரை 50ஆல் வகுக்க, மணிக்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். 200 மில்லி என்றால் 4 லிட்டர். இன்னொரு சின்ன விஷயம்: சரிவான இடத்தில் தண்ணீர் குழாயின் அடிப்பக்கமாகவே வழிந்து வேறெங்கோ சொட்டும். டிரிப்பரின் இருபுறமும் ஒரு நூலைச் சுற்றிவிட்டால் பாத்திரத்திலேயே விழும்.

இனி கணக்கு. சராசரியை மட்டும் பார்ப்பது பெரிய தவறு. பாதி டிரிப்பர்கள் 2 லிட்டரும் மீதி 6 லிட்டரும் விட்டால் சராசரி 4 லிட்டர், காகிதத்தில் குறையே இல்லை. அதனால் 16 அளவுகளில் மிகக் குறைந்த நான்கைத் தனியே எடுத்து, அவற்றின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுக்க வேண்டும். குறைந்த நான்கும் 2.4, 2.6, 2.8, 3.0 என்றால் சராசரி 2.7. மொத்தச் சராசரி 3.6 என்றால் சீர்மை 75 சதவீதம். 90க்கு மேல் மிக நன்று, 80க்கு மேல் நன்று, 70க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 75இல் குறைவாகத் தண்ணீர் பெறும் அந்தச் செடிகளுக்கும் போதுமான தண்ணீர் போக வேண்டுமானால், ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டிய இடத்தில் ஒரு மணி 20 நிமிடம் ஓட்ட வேண்டிவரும். மற்ற செடிகளின் வேருக்குக் கீழே இறங்கும் தண்ணீர் உரத்தையும் சேர்த்துக்கொண்டு போகும்.

எண் வந்ததும் அடைப்பைக் கரைக்க நேராக ஆசிட்டைத் தேடி ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், குறை அடைப்பா அழுத்தமா என்று பாருங்கள். ஒரே வரிசையில் ஒன்று மட்டும் குறைந்து அக்கம்பக்கம் சரியாக இருந்தால் அடைப்பு. கடைசி வரிசைகள் முழுக்கக் குறைந்தால் முதலில் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும், அதை ஆசிட் சரிசெய்யாது. லேட்டரல் முனையில் பிரஷர் கேஜ் வைத்துப் பாருங்கள். சாதாரண டிரிப்பரில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவிலிருந்து 0.64க்கு இறங்கினால் நீர் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு விடும் வகையாக இருந்தாலும், அதற்கென்று சொல்லப்பட்ட குறைந்தபட்ச அழுத்தத்துக்குக் கீழே அந்த வசதி வேலை செய்யாது. முன்பு பழுதான இடத்தில் வேறு அளவு டிரிப்பரைச் செருகியிருக்கிறீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். அதுவும் அடைப்பு போலவே தோற்றம் காட்டும்.

தெளிப்பான் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் ஓட்டிச் சோதிக்கக் கூடாது. பக்கத்துத் தெளிப்பான்களின் வீச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துதான் நிலம் நனைகிறது. ஒரே வாயளவுள்ள டப்பாக்களைத் தெளிப்பான்களுக்கு நடுவே கட்டம் கட்டமாக, நேராக நிறுத்துங்கள். பயிர் இலைகள் மறைக்கக் கூடாது. காற்று வீசும் நேரத்தில் அளந்தால் காற்றைத்தான் அளந்ததாகும். இந்த டப்பாச் சோதனைக்குக் கலிபோர்னியாவில் கிறிஸ்டியன்சன் என்ற பாசன ஆய்வாளர் 1942இல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது கூடுதலையும் குறைவையும் ஒன்றாகவே எண்ணும். வாடும் பயிரைக் கண்டுபிடிக்க எனக்கென்னவோ மேலே சொன்ன, குறைந்த கால்பங்கை (16இல் நான்கை) எடுக்கும் கணக்குதான் வசதி.

சீர்மை 95 வந்தால் பாசனம் சரி என்று முடிவுகட்டுவதும் தவறு. தேவைக்கு இரண்டு மடங்கு தண்ணீரையும் சீராக விட முடியும். எவ்வளவு நேரம் விடுவது என்பது வேறு கணக்கு, அதற்கு மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

அளந்த 16 டிரிப்பர்களிலும் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்து எண்களைக் குறித்து வையுங்கள். அடுத்த பருவத்தில் அதே புள்ளிகளில் அளந்தால்தான் எது கெட்டது, எது தேறியது என்று சொல்ல முடியும்.