டைவ் அடிப்பவர் இரண்டு பேர், அடிக்காதவர் ஐந்து பேர்: கரீபியன் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் வந்தால் போதும், ஹூஸ்டனில் எங்கள் ஸ்கூபா டைவிங் நண்பர்களுக்குள் மார்ச் மாத ஸ்பிரிங் பிரேக் பேச்சு ஆரம்பித்துவிடும். புதிதாக சர்டிபிகேட் வாங்கிய யாராவது ஒருவர், "குடும்பத்தோட கரீபியன் போறோம், டைவ் அடிக்கிறது நானும் என் தம்பியும் மட்டும்தான், எந்தத் தீவு நல்லா இருக்கும்?" என்று கேட்பார். பதில்கள் வந்து கொட்டும். எங்கே சுறா தெரியும், எங்கே பவளப்பாறை செங்குத்தாக இறங்குகிறது, எங்கே தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், எல்லாம் இந்த ரகம். கூட வரும் மற்றவர்கள் நாள் முழுக்க என்ன செய்வார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், கேட்டவரும் யோசித்திருக்க மாட்டார். போய் வந்த பிறகு ஏப்ரலில் அதே ஆள் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் சுருதி இறங்கித்தான் பேசுவார்.

பாஸ்போர்ட் காலாவதி, சன்ஸ்கிரீன், மாஸ்க்கை வீட்டிலேயே போட்டுப் பார்ப்பது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். தேடினால் ஆயிரம் இடத்தில் கிடைக்கும்.

ப்ளூ ஹோலுக்கு மொத்தக் குடும்பத்தையும் ஏற்றுவது

மத்திய அமெரிக்காவில் இருக்கும் பெலீஸ் என்றதும் எல்லோருக்கும் கடலுக்குள் இருக்கும் அந்த வட்டமான கருநீலக் குழி, அதாவது ப்ளூ ஹோல், படம் ஞாபகம் வரும். அம்பர்கிரிஸ் தீவிலிருந்து படகில் போக ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதில் கணிசமான தூரம் திறந்த கடல், அலை தூக்கிப் போடும். டைவர் 40 மீட்டர் வரை இறங்கி, பாறையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைச் சில நிமிடம் பார்த்துவிட்டு மேலே வந்துவிடுவார். டைவ் அடிக்காதவர் படகில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். வேடிக்கை என்னவென்றால், படத்தில் பார்த்த அந்த வட்டம் டைவருக்கும் தெரியாது, படகில் இருப்பவருக்கும் தெரியாது. அது விமானத்திலிருந்து எடுத்த படம். அம்பர்கிரிஸ் தீவின் ஊரான சான் பெட்ரோவிலிருந்து சின்ன விமானங்கள் மேலே சுற்றிக் காட்டுகின்றன, மாமாவையும் அத்தையையும் அதில் அனுப்பினால் உங்களைவிட நல்ல காட்சி அவர்களுக்குத்தான். படகிலேயே வருகிறேன் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், வழக்கமாக அதே பயணத்தில் நிற்கும் ஹாஃப் மூன் தீவில் செங்கால் பூபி பறவைகள் மரத்தில் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம், அது வாந்திக்கு ஓரளவு ஈடு.

எல்லாக் காலைகளையும் படகுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது

எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி மறுபடி நடப்பது இதுதான், எனக்கு இன்னும் எரிச்சல் வரவைப்பதும் இதுதான்.

டைவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: காலையில் டைவ், மதியத்திலிருந்து குடும்பம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடப்பது என்ன? ஏழரைக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கு அலாரம். இரண்டு டேங்க் (காற்று சிலிண்டர், அதாவது இரண்டு டைவ்), நடுவே ஒரு மணி நேரம் மேலே உட்கார வேண்டும், திரும்பி வரும்போது பன்னிரண்டரை. ரெகுலேட்டரையும் ஜாக்கெட்டையும் நல்ல தண்ணீரில் அலசி, குளித்து, சாப்பிட்டு முடிக்க இரண்டு மணி. அப்புறம் கண் தானாகச் சொருகும், இரண்டு டைவ் அடித்த உடம்பு அப்படித்தான். எழுந்து வந்தால் நாலு. ஆறரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். அரை நாள் என்று சொன்னது இரண்டு மணி நேரமாகச் சுருங்கியிருக்கும்.

ஒரு நண்பர் டச்சுக்காரர்களின் கரீபியன் தீவான பொனேர் போனார். அவரும் தம்பியும் டைவர்கள், கூட மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். ஆறு நாளும் நாளுக்கு இரண்டு டேங்க் படகு என்று டைவ் ரிசார்ட் ஒன்றில் பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே, திரும்பக் கிடைக்காது. ரிசார்ட்டில் மணலே இல்லை. கூரான பவளக்கல் கரை, கடலுக்குள் இறங்க ஒரு இரும்பு ஏணி, டைவருக்கு அது சொர்க்கம், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அறுபத்தெட்டு வயது மாமியாருக்கும் அது வேடிக்கை பார்க்கும் கண்காட்சி. வாடகை வண்டி, அந்தத் தீவில் டைவர்கள் எல்லோரும் எடுக்கும் பிக்-அப் டிரக். கியர் வண்டி. ஹூஸ்டனில் இத்தனை வருஷம் ஆட்டோமேட்டிக் ஓட்டிய மனைவி அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டார், நியாயம்தான். ஆக, டைவர்கள் படகில் போய்விட, வண்டி ரிசார்ட் வாசலிலேயே நிற்கும், ஐந்து பேரும் அதைச் சுற்றி நிற்பார்கள். மாமனார் வாசல்வரை நடந்து போய் அங்கே திரியும் கழுதைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். இரண்டாம் நாள் சாப்பாட்டின்போது, "ஏன் மாப்பிள்ளை, இங்க கடலைத் தவிர வேற ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாராம்.

இருந்தது, நிறையவே இருந்தது. தெற்கே போனால் உப்பளம், இளஞ்சிவப்புத் தண்ணீர், குன்றுகுன்றாகக் குவித்த உப்பு, ஃபிளமிங்கோக்கள். சாலையோரத்தில் 1850இல் அடிமைகளுக்காகக் கட்டிய கல் குடிசைகள், ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம், உப்பு வாரியவர்கள் அதில்தான் படுத்தார்கள். கிழக்கே லாக் பே, இடுப்பளவு தண்ணீர், அலை கிடையாது, நீச்சல் தெரியாதவர்கூட மணிக்கணக்கில் நிற்கலாம், பக்கத்திலேயே அலையாத்திக் காட்டுக்குள் கயாக்கில் போகலாம். வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்கா. எல்லாவற்றுக்கும் தேவைப்பட்டது ஓட்டத் தெரிந்த ஒரு வண்டி.

மூன்றாம் நாள் ராத்திரி எனக்கு போன். பின்னால் மனைவியின் குரலும் கேட்டது, அதை இங்கே எழுதவில்லை. மிச்சமிருந்த படகு நாட்களை விட்டுவிட்டு, அங்கேயே கிடைத்த விலைக்கு இன்னொரு ஆட்டோமேட்டிக் வண்டி எடுத்து, பிள்ளைகளுக்குக் கடைசி நேரத்தில் சுற்றுலா பதிவு செய்து, ஒரு வழியாக முடித்தார்கள். கட்டிய பேக்கேஜில் பாதி போச்சு.

இதில் என்னைக் கடுப்பேற்றுவது பணம் போனதுகூட இல்லை, இடம்தான். உலகத்திலேயே படகு தேவைப்படாத தீவுகளின் பட்டியல் போட்டால் முதல் வரிசையில் வருவது பொனேர். மேற்குக் கரைச் சாலை நெடுக மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் டைவ் இடத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். டேங்கை டிரக்கில் போட்டுக்கொண்டு, கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நடந்தே தண்ணீருக்குள் இறங்கலாம். யாருடைய நேரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். முதல் நாள் அறிமுக வகுப்பையும் சோதனை டைவையும் முடித்துவிட்டால், மறுநாளிலிருந்து அண்ணனும் தம்பியும் விடிந்ததும் இறங்கி, மற்றவர்கள் பல் துலக்கி முடிப்பதற்குள் காலை உணவுக்கு வந்து உட்காரலாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு இரவு டைவ். நாளுக்கு இரண்டு டைவ் ஆயிற்று, குடும்பத்தின் காலையில் கை வைக்கவில்லை. எதிரே இருக்கும் க்ளைன் பொனேர் என்ற குட்டித் தீவுக்கு மட்டும்தான் படகு வேண்டும், அதற்கும் மற்றவர்கள் தனியாக வாட்டர் டாக்ஸி பிடித்து அங்கே இருக்கும் மணல் கரைக்கு அதே காலையில் வந்துவிடலாம்.

அதனால் நான் யாருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தாலும் முதலில் எழுதுவது டைவ் அடிக்காதவர்களின் காலைகளைத்தான். ஒன்பது மணிக்கு இவர்கள் எங்கே இருப்பார்கள், யார் ஓட்டுவார்கள், நிழல் எங்கே, கழிப்பறை எங்கே. அது நிரம்பிய பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில் டைவ். படகு ஒரு வாரத்துக்கு இரண்டு காலை, அதற்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள், வேண்டுமென்றால் அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வண்டியை ஊரிலிருந்தே பதிவு செய்யுங்கள், தீவுகளில் ஆட்டோமேட்டிக் குறைவு, சீசனில் சுத்தமாகக் கிடைக்காது. தங்குமிடம் சமையலறையோடு இருந்தால் இன்னும் நல்லது. பொனேரில் டச்சுக்காரர்களின் பழக்கம் என்பதால் சூப்பர்மார்க்கெட்டில் அரிசியும் சம்பலும் கிடைக்கும், மாமியாருக்கும் ஒரு வேலை ஆயிற்று. (இதைச் சொன்னதற்காக என் மனைவியிடம் திட்டு வாங்கியாயிற்று.)

"அங்கே போய்க் கத்துக்கிடட்டும்"

டைவ் அடிக்காதவரை அங்கேயே டைவர் ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு யோசனை எப்போதும் வரும். ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவ் பயிற்சி என்றால் பாடம், குளம், கடலில் நாலு டைவ், மூன்று நாலு நாள் காலி. ஆசை இருந்தால் பாடத்தையும் குளத்தையும் ஊரிலேயே முடித்துவிட்டு, கடல் டைவ்களை மட்டும் தீவில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு நாளில் முடியும்.

அதைவிடப் பெரிய தடை மருத்துவப் படிவம். ஒரே ஒரு நாள் பயிற்றுநர் கூடவே இருக்க 12 மீட்டருக்குள் அடிக்கும் அறிமுக டைவுக்குக்கூட அதை நிரப்ப வேண்டும். 45 வயதைத் தாண்டி இரத்த அழுத்தம் இருக்கிறதா, ஆஸ்துமா உண்டா, சர்க்கரை உண்டா என்று கேள்விகள் போகும். சில கேள்விகளில் ஒன்றுக்கு "ஆம்" விழுந்தாலே டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். தீவில் காலை ஏழு மணிக்கு டாக்டருக்கு எங்கே போவது? அப்போதுதான் யாராவது ஒருவர் "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க மாமா" என்பார். தயவுசெய்து அந்த ஆளாக இருக்காதீர்கள். படிவம் இணையத்தில் கிடைக்கிறது, ஊரிலேயே நிரப்பி உங்கள் டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குக் கடலில் டைவ் கிடையாது. கெஞ்சிப் பயனில்லை.

டைவர் படகில் ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்ப்பது) செய்பவரைச் சேர்ப்பது

மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இது நடக்கவே நடக்காது. அங்கே நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும், டைவர்கள் அதோடு மிதந்து போவார்கள், படகு மேலே பின்தொடரும். பலன்கார் பாறைகளில் ஆழத்தில் போகிறவர்களைப் பார்க்க மேலே மிதப்பவருக்கு நீலம் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு எல் சியேலோ மணல் திட்டுக்குத் தனிப் படகு எடுங்கள். குளிர்காலத்தில் வடக்குக் காற்று அடித்தால் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள், ஒரு நாள் உதிரியாக இருக்கட்டும்.

மலையைக் கடைசியில் வைப்பது

கடைசி டைவ் முடித்து விமானம் ஏறும் முன் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவர்களுக்குத் தெரியும். பல நாள் டைவ் அடித்தவர்களுக்கான கணக்கு அது. மறந்துபோவது மலை. 610 மீட்டருக்கு மேல் ஏறினால் அதையும் பறப்பதாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சபா தீவில் மவுண்ட் சீனரி 850 மீட்டரைத் தாண்டும், உச்சிவரை கல் படிகள், காலையில் டைவ் முடித்துவிட்டு மத்தியானம் குடும்பத்தோடு ஏறக் கால் துடிக்கும். டொமினிக்காவின் கொதிக்கும் ஏரியும் அப்படித்தான். மலையை முதல் நாள் வையுங்கள், வந்த களைப்பில் முடியாதென்றால் டைவ் இல்லாத நடு நாளில் வையுங்கள்.

கேமனில் டாலரை டாலர் என்று நினைப்பது

கேமன் டாலர் ஒன்றுக்கு அமெரிக்க டாலர் 1.20. உணவகப் பட்டியலைப் பார்க்கும் முன் இதை ஞாபகம் வையுங்கள்.

லைவ்அபோர்ட்

பல நாள் கடலிலேயே தங்கி டைவ் அடிக்கும் படகு. டைவ் அடிக்காதவரோடு வேண்டாம்.

தீவை முடிவு செய்த பிறகு விசாவைப் பார்ப்பது

ஹெச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி ஐ-94 (அமெரிக்காவில் தங்க அனுமதி காட்டும் பதிவு) மட்டும் செல்லுபடியாக இருந்தால், பழைய முத்திரையோடு 30 நாளுக்குள் திரும்பலாம் என்ற விதி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும்தான், அதனால் திரும்பி வருவதைப் பொறுத்தவரை கோசுமெல் சரி. பக்கத்துத் தீவுகளுக்கும் அது பொருந்தும் என்று யாராவது சொன்னால், அது மாணவர் விசாவிலும் ஜே (பரிமாற்றத் திட்ட) விசாவிலும் இருப்பவர்களுக்கு. பொனேருக்கோ கேமனுக்கோ போய்விட்டு விமானத்தில் ஏற முடியாமல் நிற்க வேண்டி வரும். புதிய விசாவுக்கு விண்ணப்பித்து அது நிலுவையில் இருந்தால் மெக்சிகோவும் கிடையாது. டிக்கெட் போடும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் செயின்ட் க்ரோய் இருக்கிறது, அமெரிக்க மண். கேன் பேயில் கரையிலிருந்து நீந்தியே செங்குத்துப் பாறைச் சுவருக்குப் போகலாம், குடும்பம் அதே மணலில் உட்கார்ந்திருக்கும். பக் தீவில் ஸ்நார்க்கல் செய்பவர்களுக்குத் தண்ணீருக்குள்ளேயே வழிகாட்டிப் பலகை வைத்த பாதை உண்டு, அன்றைக்கு டைவர்களும் டேங்கை விட்டுவிட்டு வரலாம். திரும்பும்போது உள்நாட்டு விமானம்தானே என்று இருந்துவிடாதீர்கள், அங்கே விமான நிலையத்தில் சுங்கமும் குடிவரவும் பார்ப்பார்கள். பாஸ்போர்ட், ஐ-797 (ஹெச்-1பி ஒப்புதல் கடிதம்) எல்லாம் கையில் இருக்கட்டும், டைவிங் சாமான்களோடு பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு கவுண்டரில் நின்று தேடாதீர்கள்.