பிடிவாதக்கார நாயைப் பழக்கும்போது செய்யும் தவறுகள்

ராட்வைலர், ஹஸ்கி, அகிட்டா மாதிரி நாயை வாங்கினால் போதும், 'யார் எஜமான்னு முதல்லயே காட்டிடு' என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்ல வந்துவிடுவார்கள். 'அடியாத மாடு படியாது' என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். குட்டியை மல்லாக்கத் தள்ளி அமுக்குவது, பிடரியைப் பிடித்து உலுக்குவது எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயிப்பதுதான் தலைவன், நாயிடமும் நாம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற இந்த 'தலைவன்' கதைக்கு மூலம் 1947-ல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு. அவர் கவனித்தது அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்களைப் பல வருடம் பார்த்தபின் 1999-ல் தானே திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள குடும்பம்தான். சண்டை போட்டுத் தலைமையைப் பிடிக்கும் கதை அங்கே எடுபடவில்லை.

அதைவிட ஆபத்தான தவறு, உறுமலுக்கு அடிப்பது. தட்டில் வாய் வைத்திருக்கும் நாயின் பக்கத்தில் போகிறீர்கள். மெல்லுவதை நிறுத்துகிறது, உடம்பு விறைக்கிறது, தலையைத் தூக்காமல் ஓரக்கண்ணால் பார்க்கிறது, பிறகுதான் உறுமுகிறது. அப்போது ஓங்கி ஒன்று வைத்தால் உறுமல் நின்றுவிடும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடி விழலாம். அந்த நேரத்தில் விலகிவிடுங்கள். இன்னொரு நாள், அது விறைக்காத தூரத்தில் கடந்து போகும்போது தட்டில் இருப்பதைவிட ருசியான துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு நிற்காமல் போங்கள். நீங்கள் வந்தால் சாப்பாடு பறிபோகாது என்று மெல்லப் புரியும்.

'வா' என்ற சொல்லை நாமே கெடுத்து வைத்திருப்போம். விளையாட்டை முடித்துக் கயிறு மாட்ட மட்டும் கூப்பிட்டால், எந்த நாய் வரும்? தாமதமாக வந்ததற்குத் திட்டினால் இன்னும் மோசம். வந்ததற்குத்தான் திட்டு என்றே அது எடுத்துக்கொள்ளும். கூப்பிடுங்கள், வந்ததும் தின்ன ஏதாவது கொடுங்கள், மறுபடி விளையாட விடுங்கள். பத்து முறை கத்துவதும் வேண்டாம். பதில் வராத தூரத்தில் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்; கிட்டே போய் ஒருமுறை சொல்லுங்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை விடலைப் பருவம். அதுவரை சொன்னதைக் கேட்ட குட்டி திடீரென்று காது கேட்காத மாதிரி நடிக்கும். 2020-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், 8 மாத நாய்கள் வளர்ப்பவர் 'உட்கார்' என்றால் 5 மாதத்தில் கேட்ட அளவுக்குக் கேட்கவில்லை. அந்நியர் சொன்னால் கேட்டன! பலர் பிரம்பைக் கையில் எடுப்பது சரியாக இந்தக் கட்டத்தில்தான். பாடங்களைச் சுருக்கி, நீளக் கயிற்றில் வைத்துத் தொடர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டுக்குள் ஆளுக்கொரு சட்டம் இருப்பதும் கெடுதல்தான். நான்கு பேர் துரத்த, ஒருவர் மட்டும் எப்போதாவது மேசையிலிருந்து ஊட்டினால் அந்தக் கெஞ்சல் நிற்கவே நிற்காது. கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும் நாயின் பின்னாலேயே போவதும் அப்படித்தான்: இழுத்தால் காரியம் நடக்கிறதே! அது இழுத்தால் நின்றுவிடுங்கள், கயிறு தளர்ந்ததும் நடங்கள்.

சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் பயிற்சியாளரைத் தேடுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது, பல், இடுப்பு மூட்டு, எங்கே வலித்தாலும் தொட்டவரைத்தான் கடிக்கும்.