காபோன் கிடைத்தவருக்குச் சில யோசனைகள்

மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசும் மாதிரி ஐ.நா. மாநாட்டுக்கு நாடு ஒதுக்கும் பட்டியல் வெளியானதும் ஜூனியர்களிடமிருந்து எனக்கு வரும் புலம்பல் இதுதான்: "அண்ணா, அமெரிக்கா கேட்டேன், காபோன் குடுத்துட்டாங்க." பாதுகாப்பு சபைக் கமிட்டி என்றால் நான் வாழ்த்துதான் சொல்வேன். அமெரிக்காவும் ரஷ்யாவும் என்ன பேசும் என்பது அரங்கில் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆப்பிரிக்க நாடான காபோன் என்ன செய்யும் என்று ஒருவருக்கும் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். சபையில் 15 பேர், தீர்மானம் நிறைவேற 9 ஆதரவு வாக்குகள். வீட்டோ (ஒற்றை எதிர்ப்பு வாக்கால் தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம்) உள்ள ஐந்து பேரும் ஒற்றுமையாக நின்றாலும் மீதி நாலு வாக்குக்கு வீட்டோ இல்லாத உங்கள் பக்கம்தான் வர வேண்டும். பதினைந்தில் ஏழு பேர் ஆதரிக்காமல் ஒதுங்கினாலே தீர்மானம் எட்டு வாக்கோடு விழுந்துவிடும், வீட்டோவுக்கே வேலையில்லை. 2014 டிசம்பர் 30 அன்று ஜோர்டான் கொண்டுவந்த பாலஸ்தீனத் தீர்மானம் 8 வாக்குகளோடு நின்றது. ஆதரிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட நைஜீரியா நடுநிலை வகித்துவிட்டது. அமெரிக்கா எதிர்த்து வாக்களித்தும், ஒன்பது எட்டாததால் அது வீட்டோ கணக்கில்கூட வரவில்லை.

சரி, தயாரிப்பு. தலைநகரம், மக்கள்தொகை, எண்ணெய் ஏற்றுமதியெல்லாம் அரை மணி நேர வேலை. மீதி நேரம் முழுக்க, உங்கள் நாடு முன்பு எப்படி வாக்களித்தது என்ற பதிவுகளில் போகட்டும். தலைப்பு உக்ரைன் என்று வைத்துக்கொள்வோம். காபோன் 2022-23இல் சபையில் இருந்தது. 2022 பிப்ரவரி 25இல் ரஷ்யாவைக் கண்டித்த வரைவை ஆதரித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30இல், உக்ரைன் பகுதிகளை ரஷ்யா இணைத்துக்கொண்டதற்கு எதிரான வரைவில் பிரேசில், இந்தியா, சீனாவோடு நடுநிலை வகித்தது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் உங்கள் நிலைப்பாடு இருக்கிறது. யார் என்ன காரணம் சொன்னார்கள் என்பது கூட்டக் குறிப்புகளில் வார்த்தை பிசகாமல் கிடைக்கும். ஐ.நா. மின்நூலகத்தில் 'எஸ்/பிவி' (S/PV) என்று தொடங்கும் ஆவணங்களைத் தேடுங்கள், இலவசம்தான். அமைப்பாளர்கள் தரும் பேக்ரவுண்ட் கைடை மட்டும் படித்துவிட்டு வருபவர்களை முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

வருகைப் பதிவில் 'பிரசன்ட்' என்று மட்டும் சொல்லுங்கள். 'பிரசன்ட் அண்ட் வோட்டிங்' என்று சொன்னால் பெரும்பாலான மாநாட்டு விதிகளில் அப்புறம் நடுநிலை வகிக்க முடியாது. கையில் இருக்கும் பெரிய துருப்பே நடுநிலைதான், அதைக் காலையிலேயே இறக்கிவிடாதீர்கள்.

தலைவர் அழைக்க ஒவ்வொருவராகப் பேசும் மாடரேட்டட் காகஸில் சுருக்கமாகப் பேசினால் போதும். இருக்கையை விட்டு எழுந்து தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அன்மாட் (அன்மாடரேட்டட் காகஸ்) அறிவித்ததும் எல்லோரும் ஒரு லேப்டாப்பைச் சுற்றி மொய்ப்பார்கள். அந்தக் கும்பலில் முட்டி மோத வேண்டாம். நேராக கானாவிடமும் கென்யாவிடமும் போங்கள். நிஜ சபையிலும் ஆப்பிரிக்க உறுப்பினர்கள் மூவரும் 'ஏ3' என்று சேர்ந்து பேசுவது வழக்கம். கையில் ஒரே ஒரு கிளாஸ் (தீர்மானத்தில் சேர்க்கும் ஒரு பத்தி), எழுதி முடித்ததாக இருக்கட்டும். ஆப்பிரிக்காவுக்குக் கோதுமை தடையில்லாமல் வருவது பற்றி, யார் கண்காணிப்பது, பொதுச் செயலாளர் எத்தனை நாளில் அறிக்கை தருவது என்பதோடு. மூவரும் ஒத்துக்கொண்ட பிறகு இரண்டு அணியிடமும் போய், இதைச் சேர்த்தால் மூன்று வாக்கு என்று சொல்லுங்கள். அதுவரை உங்களைக் கண்டுகொள்ளாத பிரான்ஸ், நாற்காலி இழுத்துப் போடும். வெறும் கருத்தோடு போனால் "நல்ல பாயின்ட்" என்பார்கள், வரைவில் ஒரு வரியும் ஏறாது.

ரஷ்யா வீட்டோ போட்டதும் பாதிப் பேர் பையை மூடிவிடுவார்கள். 2022 பிப்ரவரி 27இல் நிஜ சபை என்ன செய்தது? 2623ஆம் தீர்மானம் மூலம் விஷயத்தைப் பொதுச் சபையின் அவசர சிறப்பு அமர்வுக்கு அனுப்பியது. அது நடைமுறை சார்ந்த வாக்கெடுப்பு, அதனால் வீட்டோ செல்லாது, 9 வாக்கு போதும். மார்ச் 2இல் பொதுச் சபையில் 141 நாடுகள் ஆதரித்தன. இப்படி அனுப்பும் மோஷனை (முன்மொழிவை) உங்கள் கமிட்டி ஏற்குமா என்று முதல் நாளே சிட் (துண்டுச் சீட்டு) எழுதி, கமிட்டியை நடத்தும் எக்ஸிக்யூட்டிவ் போர்டிடம் கேட்டு வையுங்கள். தலைவர் நாற்காலியில் நான் இருந்தால் ஏற்பேன்.

உடை விஷயத்தில் அழைப்பிதழ் சொல்வதைக் கேளுங்கள். மே மாதச் சென்னையில் கோட்டு போடச் சொன்னவர்களை மனதுக்குள் திட்டிக்கொள்ளலாம்.

கடைசியில் நடுநிலைதான் என்று முடிவெடுத்தால் சும்மா உட்கார்ந்துவிடாமல் வாக்கு விளக்கத்துக்கு நேரம் கேளுங்கள். எந்தப் பத்தி இருந்திருந்தால் ஆதரித்திருப்பீர்கள் என்று அதில் சொல்லிவிடுங்கள். மதிப்பெண் தாளில் நான் அதிகம் எழுதுவது அந்த ஒரு நிமிடத்தில்தான்.